கடைமடைக் குழந்தைக்கும் மருத்துவம் எட்ட வேண்டும்

மேட்டூர் அணை திறக்கப்பட்ட செய்தி வந்தவுடன் நம் வயலில் நீர் பாய்ந்துவிடுவதில்லை என்பதைக் கடைமடை விவசாயிக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் புகுந்து, வேளாங்கண்ணி, கீழையூர்ப் பக்கத்து வயல்களை அந்நீர் கடைசியாக வந்தடைய வேண்டும். இடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலும், அணையில் நீர் நிறைந்திருக்க, நம் நாற்று வாடும். ஏழைக் குழந்தைகளுக்கென அரசு அளிக்கும் மருத்துவ உதவியின் நிலையும் இத்தகையதே. திட்டங்கள் பல உள்ளன. ஆயினும் அவை கடைசி வீட்டுக் குழந்தையைச் சென்றடைகின்றனவா என்பதே ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோர் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

இன்றுள்ள வசதிகள்

நமது நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றது. வட்டாரந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையம் அமைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு 1956ஆம் ஆண்டு முதல் மாநிலமெங்கும் பரவிற்று. அங்கன்வாடிகள் 1975இல் தோன்றின. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25ஆம் நாள் நம் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிவாக்கப்பெற்றது.

மருத்துவத் துறையில் நாம் முதன்மையாக அறிந்துகொள்ள வேண்டியது, 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டமாகும். பிறந்த குழந்தை முதல் 18 வயது நிரம்பும் வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சியில் தாமதம் என்னும் நால்வகைக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவது இதன் பணி. இதற்கென வட்டாரந்தோறும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் உள்ளன. இக்குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும், அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் ஆண்டில் ஒரு முறையும் வருதல் வேண்டும். மேற்சிகிச்சை வேண்டுவோர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பெறுவர். அங்குச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

இவற்றையன்றி, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்ப அட்டையும், கிராம நிர்வாக அலுவலர் அளிக்கும் வருமானச் சான்றும் இருப்பின் இதில் சேரலாம்.

யார் விடுபடுகின்றனர்?

இத்திட்டங்களின் வாய்க்கால் எது என்று நோக்குவோம். ஐந்து வயது வரை அங்கன்வாடிப் பதிவேடு. அதற்குப் பின் பள்ளி வருகைப் பதிவேடு. பெயர் பதிவேட்டில் உள்ள குழந்தையை மருத்துவர் காண்கிறார். பெயர் இல்லாத குழந்தை ஊரில் இருந்தும் மருத்துவர் கண்ணிற்படுவதில்லை.

வேளாங்கண்ணியைச் சுற்றி இத்தகைய குழந்தைகள் யாவர்? ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவிற்கு இலட்சக்கணக்கான மக்கள் வருகின்றனர். கடை போடவும், மணி மாலையும் விளையாட்டுப் பொருளும் விற்கவும் வரும் குடும்பங்கள் பிள்ளைகளையும் உடன் கொணர்கின்றன. பள்ளி நடக்கும் காலத்தில் அப்பிள்ளைகள் கடற்கரையில் இருப்பர். அறுவடைக்கும் செங்கற் சூளைக்கும் ஊர் விட்டு ஊர் செல்வோரின் பிள்ளைகள் இரண்டாம் வகையினர். எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் படிப்பை நிறுத்திவிட்டு, நடவுக்கும் மீன் வேலைக்கும் விடுதி வேலைக்கும் செல்லும் இளையோர் மூன்றாம் வகையினர். வெளியே அழைத்து வர வீட்டார் கூசுவதால், வீட்டினுள்ளேயே வைக்கப்பெற்ற ஊனமுற்ற குழந்தைகள் நான்காம் வகையினர்.

வேறொரு வகையும் உண்டு. மருத்துவக் குழு பள்ளியில் பார்த்து, பெரிய மருத்துவமனைக்குச் செல்லச் சீட்டு எழுதித் தந்திருக்கும். தந்தைக்குக் கூலி போய்விடும். தாய்க்குத் தனியே செல்லத் துணிவிராது. அச்சீட்டு கூரை இறப்பில் செருகப்பட்டு மழையில் நனையும். பதிவேட்டில் பெயர் இருந்தும் இக்குழந்தை விடுபட்ட குழந்தையே.

பருவம் தவறினால் நேரும் கேடு

பருவம் தவறிய நடவு விளைச்சல் தராது என்பதை நாம் அறிவோம். குழந்தை மருத்துவத்திலும் பருவம் உண்டு. பாதம் உட்புறம் வளைந்து பிறந்த குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டுப் போடத் தொடங்கினால் பெரும்பாலும் பெரிய அறுவையின்றிக் கால் நேராகிவிடும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதிற்குள் உட்செவிக் கருவி பொருத்தக் காப்பீட்டுத் திட்டம் வகை செய்கிறது. பேச்சு வளரும் பருவம் கடந்த பின் அதே கருவியால் முழுப் பயன் கிட்டாது. மாறுகண் உள்ள குழந்தைக்குச் சிறு வயதிலேயே சிகிச்சை அளிக்காவிடில் அக்கண்ணின் பார்வையே மங்கிப் போகும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஒருவகைத் தொண்டைப் புண்ணைக் கவனியாது விட்டால், அது சிலருக்கு மூட்டு வீக்கத்துடன் கூடிய காய்ச்சலாக மாறி, இருதய வால்வைக் கெடுத்துவிடும்.

இரத்தசோகையைப் பற்றித் தனியே கூற வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கும், 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் இரத்தசோகை இருந்தது. உணவில் இரும்புச்சத்துக் குறைவதோடு, ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடக்கையில் தோல் வழியே புகும் கொக்கிப்புழுவும் இதற்குக் காரணமாகும். வாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரையும், உரிய காலத்தில் குடற்புழு நீக்க மாத்திரையும் இதற்கு மருந்து. பள்ளியில் படிப்போருக்குப் பள்ளியிலும், படிப்பை நிறுத்திய பெண்களுக்கு அங்கன்வாடியிலும் இவை கட்டணமின்றிக் கிடைக்கும். இது போன்றே 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய தடுப்பூசியும் உண்டு. பள்ளி செல்லாதோர் இதனைத் தவறவிடுதல் எளிது.

நம் மாவட்டம் கற்ற பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் ஊராரோடு வழிபட வந்தோரும் இறந்தனர். நாடெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. ஆயினும் நிலையான முகவரி இல்லாத பூம்பூம் மாட்டுக்காரர் முதலிய நாடோடிக் குடும்பங்கள் பல அவ்வுதவிப் பட்டியலில் இடம்பெறாமற் போயின. அவர்தம் பிள்ளைகள் தெருவில் இரந்து நின்றனர். அப்பிள்ளைகளையும் நரிக்குறவர் பிள்ளைகளையும் கருதி 2005ஆம் ஆண்டு தோன்றிய வானவில் பள்ளி, பின்னர்ச் சிக்கலில் நடைபெறலாயிற்று. மக்கள் வந்து கேட்கட்டும் என்றிராது, அவர்கள் தங்குமிடத்திற்கே சென்று பிள்ளைகளை அறிந்தமையால் அப்பணி உருவாயிற்று. உதவி மிகுதியாக வந்தாலும், பட்டியலில் இல்லாதவருக்கு அது எட்டாது என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

ஊராட்சி செய்யக்கூடியவை

முதலாவதாக, ஊராட்சி தனக்கென ஒரு குழந்தைப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தெருவிற்கும் ஓர் உறுப்பினர் பொறுப்பேற்று, அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோருடன் வீடு வீடாகச் சென்று, 18 வயதிற்குட்பட்ட அனைவரையும் எழுத வேண்டும். ஊரில் தங்கியிருப்போர் எவ்வூரினராயினும் அவர் பிள்ளைகளும் அதில் இடம்பெற வேண்டும். பின்னர் இதனைப் பள்ளி, அங்கன்வாடிப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டால் விடுபட்டோர் யாவர் என்பது ஒரே நாளில் விளங்கும்.

இரண்டாவதாக, மருத்துவக் குழு வரும் நாளை முன்கூட்டிக் கேட்டறிந்து, முதல் நாளே ஊரில் அறிவிக்க வேண்டும். பட்டியலில் உள்ள பள்ளி செல்லாப் பிள்ளைகளையும் அன்று அழைத்து வந்து காட்டலாம். வேளாங்கண்ணிப் பேரூராட்சியும் அண்டை ஊராட்சிகளும் சுகாதாரத் துறையுடன் கலந்து, திருவிழாவிற்கு முன்னரே கடைக்காரர் பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை முகாம் நடத்தக் கேட்கலாம்.

மூன்றாவதாக, மேற்சிகிச்சைச் சீட்டுப் பெற்ற குழந்தைகளின் பெயரைத் தனித்தாளில் எழுதி, மாதம் ஒரு முறை விசாரிக்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாத தாயுடன் சுய உதவிக் குழுப் பெண் ஒருவர் செல்லலாம். மருத்துவமனைக்குச் சென்று திரும்பியோர் எத்தனை பேர் என்பதே நம் பணியின் அளவுகோல்.

நான்காவதாக, காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களைக் கண்டு விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். நோய் வந்த பின் சான்றிதழுக்கு அலைவது பெருந்துன்பம்.

ஐந்தாவதாக, கிராம சபைக் கூட்டத்தில் இவ்வெண்ணிக்கையைப் படிக்க வேண்டும். எத்தனை குழந்தைகள் உள்ளனர், எத்தனை பேர் பரிசோதிக்கப்பெற்றனர், எத்தனை சீட்டுகள் நிலுவையில் உள்ளன என்னும் மூன்று எண்கள் போதும். குழந்தையின் பெயரையும் நோயையும் கூட்டத்தில் கூறுதல் கூடாது; சிறப்பாக வளரிளம் பெண்களின் செய்தியில் இது மிக அவசியம்.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்

நடவுக் காலத்தில் ஒரு நாள் ஆள் குறைந்தால் எத்துணை இடர் என்பதை நாம் அறியாமலில்லை. எனினும் குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய தாய் விடுப்புக் கேட்டால், மறுநாள் வேலை இல்லாமற் போகுமோ என்ற அச்சமின்றி அவர் சென்று வரச் செய்வது நிலம் உடையோர் கையில் உள்ளது. பள்ளி வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொள்ளாதிருப்பதும் அவர்கள் கையிலேயே உள்ளது. அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைக்கு ஆபத்து நேரின் 1098 என்னும் எண்களைக் களத்துமேட்டுக் கொட்டகைச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

இப்பணிக்குப் பெருந்தொகை தேவையில்லை. ஒரு பதிவேடும், தெருவுக்கு ஓர் உறுப்பினரும், மாதம் ஒரு மாலைப்பொழுதும் போதும். வாய்க்காலில் நீர் வரும் முன் ஊர் கூடித் தூர் வாருவது நம் தஞ்சைத் தரணியின் பழைய வழக்கம். அவ்வாறே அடுத்த கிராம சபைக்கு முன் இப்பட்டியலை எழுதி முடிக்குமாறு ஊராட்சி உறுப்பினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.