வெட்டுமேசை செய்யும் முறை

அடுக்களைக்குரிய வெட்டுமேசையை வீட்டுப் பட்டறையிலேயே செய்யலாம். யாம் முதற்கண் செய்த மேசையோ ஒரே கோடையில் நடுவே பிளந்துவிட்டது. அதன் காரணத்தை மாணவ நண்பர்கள் அறிதல் நலம்.

மரம் அறுபட்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் விடுத்தும் வரும். அதனால் நாரின் குறுக்கே, அஃதாவது அகலத்தில், விரிந்து சுருங்கும். நீளத்தில் உண்டாகும் மாறுதல் மிகச் சிறிது. யாம் பலகையை அடிச்சட்டத்தோடு திருகாணிகளால் இறுகப் பிணித்திருந்தோம். சுருங்க இடம் பெறாத பலகை பிளந்தது.

இறைச்சிக் கடைப் புளியங்கட்டையில் அறுத்த முகம் மேல்நோக்கி நிற்கும்; கத்தி நார்களின் இடையே புகுதலால் கூர் விரைவில் மழுங்காது. காய்கறி அரிவதற்கு அத்துணை வேண்டா. சட்டங்களை நீளவாட்டில் அடுக்கி ஒட்டினாலே போதும்.

நன்குலர்ந்த வைரமரத்தை 2 அங்குல அகலமுள்ள சட்டங்களாக அறுத்து, ஒட்டும் முகங்களை ஒழுங்காக இழைத்து, நீரில் விடாத பசையிட்டு ஒரு நாள் இறுக்கி வைக்க. வச்சிரம் ஈரத்தில் இளகுமாதலின் இதற்கு ஆகாது. அடிச்சட்டத்தின் குறுக்குக் கட்டைகளில் நடுத்துளையை மட்டும் வட்டமாக விட்டு, ஏனைய துளைகளைப் பலகையின் அகலவாட்டில் நீளமாகத் துளைக்க. உணவுக்கேற்ற கனிம எண்ணெயை மேலும் கீழும் ஒப்பப் பூசுக. ஒரு முகத்தில் மட்டும் பூசின் பலகை வளையக்கூடும்.

யாம் செய்த இரண்டாம் மேசையில் கோடைதோறும் திருகாணிகள் தத்தம் துளைகளில் சற்றே நகர்கின்றன. மேசை பிளவின்றி நிற்கின்றது.