சரியாத விளக்கு



இருளை நீக்கவே விளக்கேற்றுகிறோம். அவ்விளக்கே ஒரு குடும்பத்தை இருளில் ஆழ்த்தியும் விடலாம். வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, அதன் வாயில் தகரத் துண்டொன்றைச் செருகித் திரியிட்டு எரிக்கும் விளக்கை நம்மில் பலர் அறிவோம். நித்திரையில் புரளும் பிள்ளையின் கை பட்டாலே அது சரியும். போத்தல் உடையும், எண்ணெய் பாயில் பரவும், தீயும் பின்தொடரும்.

இவ்விதம் எரிகாயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, புண்ணுக்கு மருந்திடுவதோடு நின்றுவிடவில்லை. விளக்கையே திருத்த முற்பட்டார். மாமைற் போத்தலின் குட்டையான உருவம் அவருக்கு வழிகாட்டிற்று. 1990களின் ஆரம்பத்தில் 'சுதீபா' விளக்கு உருவானது. அது குட்டையானது, பாரமானது. ஆகவே எளிதில் சரியாது. இரு பக்கமும் தட்டையானது. ஆகவே விழுந்தாலும் உருளாது. கண்ணாடி தடிப்பானது, ஆகவே இலகுவில் உடையாது. மூடி திருகி இறுக்கப்படுவது. ஆகவே எண்ணெய் கொட்டாது. இப்பணிக்காக 1998இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. பல இலட்சம் விளக்குகள் ஏழைக் குடிசைகளைச் சென்றடைந்தன.

இதில் நமக்கொரு பாடமுண்டு. "தாய் கவனமில்லாதவள்" என்று ஏசுவது எளிது. ஆனால் களைத்துறங்கும் தாயை ஏசுவதால் விளக்கு சரியாமல் நிற்குமா? பிழை செய்தாலும் உயிர் போகாதபடி வீட்டை ஒழுங்கு செய்வதே அறிவுடைமை.

இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் வந்துவிட்டது. எனினும் 2022இல் நீண்ட மின்வெட்டு ஏற்பட்டபோது, பழைய போத்தல்கள் மீண்டும் மேசைக்கு வந்தன அல்லவா? 2021 இறுதியில் சமையல் எரிவாயு வெடிப்புகளும் நம்மை அச்சுறுத்தின. ஆபத்து உருமாறுகிறது, ஒழிந்துவிடவில்லை.

ஆகவே உங்கள் ஊர் மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ இதனைத் தொடங்கலாம். இருவர் சேர்ந்து பத்து வீடுகளுக்குச் செல்லட்டும். குற்றம் காண அன்று, கூடிப் பார்க்கவே செல்லட்டும். முதலில் தங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுச் செல்வது நலம். கவனிக்க வேண்டியவை நான்கு:

1. அடுப்பு: பிள்ளை எட்டாத உயரத்தில் உள்ளதா? எரிவாயு மணம் வந்தால் மின்சுவிச்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சிலிண்டரை மூடி, கதவு யன்னல்களைத் திறவுங்கள். அவ்வாயு காற்றிலும் பாரமானது, தரையிலேயே தங்கும்.

2. போத்தல்: சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ வைத்திருக்கிறதா? பிள்ளைக்கு அது சோடாவே. மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

3. தண்ணீர்: கிணற்றுக்குக் கட்டு உண்டா? தவழும் பிள்ளைக்கு வாளித் தண்ணீரே போதும் மூழ்க. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

4. தீக்காயம்: பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். சாதாரண குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். கொப்புளத்தை உடையாது, சுத்தமான துணியால் மூடுங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. நிலத்தில் படுத்து உருள வேண்டும். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மாத முடிவில் மீண்டும் கூடுங்கள். எத்தனை வாளிகள் கவிழ்ந்தன, எத்தனை கிணறுகளுக்குக் கட்டு எழுந்தது என்று கணக்கெடுங்கள். கட்டுக் கட்ட வசதியற்ற வீட்டிற்கு ஊரார் சேர்ந்து கல்லும் சீமெந்தும் கொடுக்கலாம்; சிரமதானமாக ஒரு நாளில் வேலை முடியும். அயல்வீட்டுப் பிள்ளையும் நம் பிள்ளைதானே?

கூட்டம் கூடும்வரை காத்திராதீர்கள். இன்றிரவு படுக்குமுன் எழுந்து, உங்கள் குசினியை ஒருமுறை பாருங்கள். சிறு பிள்ளையின் உயரத்திற்குக் குனிந்து பாருங்கள். நீங்கள் இதுவரை காணாதது கண்ணில் படும்.