பொருத்தனையும் நாத்தனாரின் செயினும்

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு முன் என் கணவர் நெஞ்சுவலியால் ஐசியுவில் கிடந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணினேன். அவர் பிழைத்தால் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பேன். நாத்தனாரிடம் வாங்கி அடகு வைத்து, மீட்க முடியாமல் ஏலத்தில் போன 3 பவுன் செயினுக்குப் பதில் செயின் எடுத்துக் கொடுப்பேன் என்று. அவர் பிழைத்தார். எனக்குச் சர்க்கரை வந்ததால் உபவாசம் நின்றுவிட்டது. செயினைக் கொடுக்கவே இல்லை. தங்கம் விலை எங்கேயோ போய்விட்டது. மனசு உறுத்தியதால் ஆலயக் கட்டட நிதிக்கு ஒரு தொகை கொடுத்தேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் அழுது, ‘இந்த வருஷம் நிச்சயம் செய்கிறேன்’ என்று மறுபடியும் சொல்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட, இது அதற்கான தண்டனையோ என்று நடுங்குகிறேன். என் மனந்திரும்புதலை ஆண்டவர் ஏற்பாரா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்பு சகோதரி, பிள்ளையின் காய்ச்சலையும் பொருத்தனையையும் முடிச்சுப் போடாதீர்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9).

யாக்கோபை நினைத்துப் பாருங்கள். அண்ணனுக்குப் பயந்து ஓடும் வழியில், பெத்தேலில் கல்லை நட்டு எண்ணெய் வார்த்துப் பொருத்தனை பண்ணினான். லாபானிடம் 20 வருஷம் உழைத்து, மனைவி மக்கள், ஆடுமாடுகளோடு கானானுக்குத் திரும்பியவன், நேரே பெத்தேலுக்குப் போகவில்லை. சுக்கோத்தில் வீடு கட்டினான். சீகேமில் நிலம் வாங்கினான். அப்போதும் தேவன் அவனை, ‘எங்கே உன் பொருத்தனை’ என்று அதட்டவில்லை. எழுந்து பெத்தேலுக்குப் போ, அங்கே பலிபீடம் கட்டு என்றார், அவ்வளவுதான் (ஆதியாகமம் 35). யாக்கோபு தன் வீட்டாரிடம் இருந்த அந்நிய விக்கிரகங்களையும் காதணிகளையும் வாங்கி, சீகேம் அருகே ஒரு கர்வாலி மரத்தடியில் புதைத்துவிட்டுப் புறப்பட்டான். உங்கள் மனசில் இருக்கும் உறுத்தலும் அப்படி ஒரு அழைப்புதான் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் உங்கள் பொருத்தனையில் இரண்டு பங்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

உபவாசம் உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தில், பொருத்தனைக்குரிய மதிப்பைச் செலுத்த முடியாத ஏழை ஆசாரியன்முன் வந்து நிற்பான். அவன் திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பைக் குறைப்பான். இந்த இரக்கம் நியாயப்பிரமாணத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே டாக்டரிடம் கேளுங்கள், போதகரிடம் பேசுங்கள். சாப்பிட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் ஜெபத்துக்கு ஒதுக்கினாலும் போதும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செயின் விஷயம் அப்படியல்ல. அங்கே மூன்றாவதாக ஒரு ஆள் நிற்கிறார். எரேமியா 34-ஐ இன்று ராத்திரி வாசியுங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. பயத்தில் சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும், எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாக ஆலயத்தில் உடன்படிக்கை பண்ணினார்கள். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளின் நடுவே நடந்தார்கள். விடுதலையும் செய்தார்கள். பிறகு எகிப்திலிருந்து பார்வோனின் சேனை புறப்பட்ட செய்தி கேட்டு, பாபிலோனியரான கல்தேயர் முற்றுகையை விட்டு விலகினார்கள். ஆபத்து விலகியதும், ராஜாவும் பிரபுக்களும் விடுதலையாகிப் போனவர்களைப் பிடித்துவந்து மறுபடியும் அடிமையாக்கினார்கள். வாசல்வரை போய்விட்ட ஒரு வேலைக்காரியைத் திரும்ப அடுப்படிக்கு இழுத்துவந்தால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும்! தேவனுடைய கோபம் அங்கேதான் மூண்டது. அவருடைய நாமத்தைச் சொல்லிக் கொடுத்த வாக்கால் அந்த ஏழைகள் ஏமாந்தார்கள்.

நாத்தனாருக்கு உங்கள் பொருத்தனை தெரியாமல் இருக்கலாம். செயின் போனது தெரியும். அதனால் கட்டட நிதிக்குக் கொடுத்ததை இதில் கழிக்க முடியாது, சகோதரி. அது நல்ல காணிக்கை. ஆனால் நாத்தனாருக்குச் சேரவேண்டியது அவருக்குத்தான் சேரவேண்டும். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கைப் பக்கம் தள்ளிவிட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7). ஆயக்காரனான சகேயுவோ, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான்.

இனி டிசம்பர் 31-ல் புதிதாக எதையும் வாக்குப்பண்ணாதீர்கள். மறுதலிக்கவே மாட்டேன் என்று சொல்லி, சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம், உயிர்த்தெழுந்த இயேசு இன்னொரு சத்தியம் வாங்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார். ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுத்தார். உங்கள் கண்ணீரை ஆண்டவர் தள்ளமாட்டார். ஆனால் அந்த ஜெபம் முடிந்து நீங்கள் எழுந்து போகவேண்டிய இடம் நாத்தனார் வீடு.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விலை ஏறிவிட்டது, மொத்தமாக முடியாது என்றால் அதையே சொல்லுங்கள். சமாதானம் சொல்லாமல் மன்னிப்புக் கேளுங்கள். நாத்தனார் இரண்டு வார்த்தை கோபமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேச அவருக்கு உரிமை உண்டு. போகுமுன், மாதம் எவ்வளவு தரமுடியும் என்று நீங்களும் கணவரும் கலந்து ஒரு தொகையை முடிவு செய்து, முதல் மாதத்துப் பணத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.