வானில் வழங்கும் சொல்

தரையில் வண்டி ஓட்டுவோர் வழியில் ஐயம் தோன்றினால், வண்டியை ஓரமாக நிறுத்திப் பிறரைக் கேட்டுத் தெளியலாம். வானில் விமானம் செலுத்துவோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஓடிக்கொண்டேயிருத்தல் விமானத்தின் இயல்பு. ஆதலின் ஐயம் தீர்தலும் ஓட்டத்தினிடையே நிகழ்தல் வேண்டும். அதற்கு அவர்க்குள்ள துணை வானொலி ஒன்றே. விமான நிலையக் கோபுரத்தில் அமர்ந்து போக்குவரவை ஒழுங்குசெய்யும் அலுவலரும், வானிலுள்ள விமானியும் ஒருவர் முகத்தை ஒருவர் காணார். இருவரையும் இணைப்பது சொல்லே.

பெரிய பயணி விமானங்களில் விமானிகள் இருவர் அமர்ந்து பணியைப் பகிர்ந்துகொள்வர். சொந்த அலுவலுக்காகவோ, பறக்கும் விருப்பத்தினாலோ சிறு விமானம் செலுத்துவோர் பெரும்பாலும் தனியே செல்வர். விமானத்தை நிலைபிறழாது செலுத்துதல், வழி காணுதல், வானொலியில் உரையாடுதல் ஆகிய மூன்றும் அவர் ஒருவர் கடமையே ஆகும். ஒருவர் தவறாகக் கேட்டதைத் திருத்த அருகில் மற்றொருவர் இல்லாமையால், சொல்லில் நேரும் பிழை அவர்க்குப் பேரிடராய் முடியக்கூடும்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்தார் நன்னூல் ஆசிரியர் பவணந்தியார். மயங்க வைத்தல், குன்றக் கூறல் என்பன அவற்றுட் சில. இக்குற்றங்கள் நூலில் நேர்ந்தால் கற்போர் இடர்ப்படுவர். வானில் நேர்ந்தால் உயிர்கள் மாய்கின்றன. பெரு விமானங்களுக்கு நேர்ந்த மூன்று நிகழ்ச்சிகளால் இதனை அறியலாம்.

1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள், கானரித் தீவுகளுள் ஒன்றாகிய டெனெரிஃபில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. டச்சு விமானம் ஒன்று ஓடுபாதையின் முனையில் நின்றது. அமெரிக்க விமானம் ஒன்று அதே பாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. புறப்பட்டபின் செல்லவேண்டிய வழியைக் கோபுர அலுவலர் டச்சு விமானிகளுக்கு அறிவித்தார். புறப்படுவதற்கு அவர் இசைவு தரவில்லை. ஆயினும் அவர் மொழியில் 'புறப்பாடு' என்னும் சொல் இருந்தது. விமானம் ஓடத் தொடங்கியது. "இப்பொழுது புறப்பாட்டில் இருக்கிறோம்" என்னும் கருத்துப்பட டச்சு விமானி கூறியதனை, புறப்படும் இடத்தில் காத்திருப்பதாக அலுவலர் பொருள் கொண்டார். "சரி" என்றார், பின்னர்ப் பொறுத்திருக்குமாறு பணித்தார். அதே வேளையில், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம்" என்று அமெரிக்க விமானியும் கூறினார். ஒரே அலைவரிசையில் இரு குரல்களும் மோதியமையால், டச்சு விமானத்தில் கீச்சொலியே மிகுதியாய்க் கேட்டது. சில நொடிகளில் விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். இது மயங்க வைத்தலின் விளைவு. இதன்பின், புறப்பட இசைவு தரும்போதும் அதனை விலக்கும்போதும் அன்றிப் புறப்பாட்டைக் குறிக்கும் அச்சொல்லை வழங்கலாகாது என்று விதிக்கப்பட்டது.

1990-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25-ஆம் நாள், கொலம்பியா நாட்டு விமானம் ஒன்று நியூயார்க்கை நெருங்கியது. வானிலை சீர்கெட்டிருந்தமையால், அது வழியில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வட்டமிட நேர்ந்தது. எரிபொருள் தீர்ந்துவருகிறது என விமானிகள் கூறினர். முதன்மை வேண்டும் என்றும் கேட்டனர். ஆனால், ஆபத்தை அறிவிப்பதற்கென வரையறுக்கப்பட்ட சொல்லைக் கோபுரத்தார்க்குச் சொல்லவில்லை. கேட்டவரோ நிலைமையின் கொடுமையை உணரவில்லை. இறுதியில் எஞ்சின்கள் நின்றன. விமானம் லாங் தீவில் வீழ்ந்து, 158 பேருள் 73 பேர் இறந்தனர். இது குன்றக் கூறலின் விளைவு.

இத்தகைய வேளைக்கென்றே 'மேடே' என்னும் சொல் உள்ளது. 'எனக்கு உதவுக' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி, 1920-களில் இலண்டனை அடுத்த கிராய்டன் விமான நிலைய வானொலி அலுவலர் மாக்ஃபோர்டு என்பார் இதனை அமைத்தார். ஆபத்துற்ற விமானி இச்சொல்லை மும்முறை கூறுதல் மரபு. அதனைக் கேட்டவுடன் மற்றையோர் அமைதி காத்து வழிவிடுவர். தன் வழியைத் தவறவிட்ட தனி விமானி நாணத்தால் இதனைச் சொல்லத் தயங்குவாராயின், அவரைக் காக்கக் காத்திருக்கும் கைகளை அவரே விலக்கியவர் ஆவார்.

மூன்றாம் நிகழ்ச்சி 1989-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் கோலாலம்பூர் அருகே நடந்தது. சரக்கு விமானம் ஒன்றை 2400 அடி உயரத்திற்கு இறங்குமாறு அலுவலர் பணித்தார். ஆங்கிலத்தில் 'இரண்டு' என்னும் எண்ணுப்பெயரும், 'வரை' என்று பொருள்படும் இடைச்சொல்லும் ஒரே ஒலியுடையன. அதனால் '400 வரை' என்று விமானிகள் கொண்டனர். '400' என அவர்கள் திருப்பிக் கூறியபோது, பிழை திருத்தப்படவில்லை. விமானம் குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தனர்.

கூறியது கூறலும் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றே. வானிலோ அதுவே காப்பாகும். ஓடுபாதை, உயரம், திசை ஆகியவை பற்றிய கட்டளையைப் பெற்ற விமானி, அதனை அப்படியே திருப்பிக் கூறுதல் வேண்டும். அலுவலரும் அதனைச் செவிகொடுத்துக் கேட்டுப் பிழை இருப்பின் திருத்துதல் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் மற்றொன்று பயன்படாது. பேசுமுன் சிறிது கேட்டு, அலைவரிசை ஒழிந்திருத்தலை அறிந்த பின்னரே பேசுதல் விமானிக்கு அழகு.

வானொலியே பழுதுபட்டால் யாது செய்வது? விமானி 7600 என்னும் எண்ணைத் தம் கருவியில் அமைத்தால், ரேடார்த் திரையைக் காண்போர் அவர் குரலிழந்தமையை அறிவர். கோபுரத்திலிருந்து விளக்கொளியாலும் கட்டளை வரும். பறக்கும் விமானத்திற்கு அசையாத பச்சை ஒளி, இறங்கலாம் என்பதனையும், அசையாத சிவப்பு ஒளி, பிற விமானத்திற்கு வழிவிட்டு வட்டமிடுக என்பதனையும் குறிக்கும். பகலில் விமானி இறக்கைகளை அசைத்து, கண்டுகொண்டதாக விடை தருவார்.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும், விமானிக்கு இன்றியமையாதது ஒரு பண்பு. விளங்காதபோது, "விளங்கவில்லை, மீண்டும் கூறுக" என்று கேட்கும் துணிவே அது. விளங்கியதாகப் பாவித்துத் தலையசைத்தல் வகுப்பறையிலும் தீதே. அங்கு அதனால் ஒரு பாடம் கெடும். வானிலோ, தம்மை நம்பி உடன் வந்தோரின் உயிரும் கெடும்.