யூவி பட்டா முழிக்கும், யூவி பட்டே தேயும்: சோலார் செல்லுக்குள்ள ஒரு ஆக்சைடு லேயர்

ஆர்கானிக் சோலார் செல்னாலே எல்லாரும் எஃபிஷியன்சி பத்திதான் பேசுவோம். 1986-ல் கோடாக் ஆய்வகத்தைச் சேர்ந்த சிங் டாங் இரண்டு அடுக்கு ஆர்கானிக் செல்லை வெளியிட்டபோது அது சுமார் 1 சதவீதம். 2019-ல் ஒய்6 என்ற மூலக்கூறு வந்தபோது 15.7 சதவீதம். ஆனா அந்த நம்பரை ஏத்தவும் இறக்கவும் முடிகிற இன்னொரு லேயர் செல்லுக்குள்ளேயே இருக்கு. அதுதான் மெட்டல் ஆக்சைடு.

இன்வெர்டட் டைப் செல் ஒன்றை எடுத்துக்குவோம். கீழே கண்ணாடி, அதன் மேல் ஐடிஓ என்கிற ஒளி ஊடுருவும் எலக்ட்ரோடு. அடுத்து சுமார் 30 நானோமீட்டர் ஜிங்க் ஆக்சைடு. அதுக்கு மேல் சுமார் 100 நானோமீட்டர் ஆர்கானிக் லேயர், பிறகு மாலிப்டினம் ஆக்சைடு, கடைசியா வெள்ளி. ஆர்கானிக் லேயரில் உருவாகும் எலக்ட்ரான்களை வாங்கி ஐடிஓவுக்கு அனுப்புவது ஜிங்க் ஆக்சைடோட வேலை. ஒளி கண்ணாடி வழியா வருவதால், முதலில் சந்திப்பதும் இந்த லேயரைத்தான்.

முதல் அளவீடு ஏன் மோசமா வருது?

புதுசா செஞ்ச செல்லை டெஸ்ட் பண்ணினா சில சமயம் கரண்ட்-வோல்டேஜ் கர்வ் எஸ் எழுத்து மாதிரி வளைஞ்சு வரும். ஃபில் ஃபேக்டர் விழுந்துடும், எஃபிஷியன்சியும் கூடவே போயிடும். அதே செல்லை சில நிமிஷம் வெளிச்சத்திலேயே வெச்சு மறுபடி அளந்தா கர்வ் நிமிர்ந்துடும். இதுக்குப் பெயர் லைட் சோக்கிங்.

காரணம் காத்தில் இருக்கும் ஆக்சிஜன். ஜிங்க் ஆக்சைடோட மேற்பரப்பில் ஆக்சிஜன் ஒட்டும்போது, அங்கிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி வெச்சுக்குது. அதனால் அந்த லேயரோட கடத்துத்திறன் குறையும், எலக்ட்ரான் வெளியேறும் இடத்தில் ஒரு தடையும் உருவாகும். பீக் அவர் பஸ் படிக்கட்டில் தொங்குறவங்களால் உள்ளே இருக்கிறவங்க இறங்க முடியாம தவிக்கிறாங்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமை.

இப்போ யூவி வருது. ஜிங்க் ஆக்சைடோட பேண்ட் கேப் சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ 3.3-ஆல் வகுத்தா சுமார் 376 நானோமீட்டர். அதைவிடக் குறைந்த அலைநீளம் உள்ள ஒளியைத்தான் இது நல்லா உறிஞ்சும். உறிஞ்சியதும் ஒரு எலக்ட்ரானும் ஒரு ஹோலும் பிறக்கும். ஹோல் மேற்பரப்புக்குப் போய் ஆக்சிஜனோட சார்ஜை நீக்கி அதைக் கழட்டி விடும். எலக்ட்ரான் உள்ளேயே தங்கி டிராப்களை நிரப்பும். தடை குறைஞ்சு கர்வ் நேராகும். செல் திரும்பக் காத்துப்பட இருந்தா ஆக்சிஜன் மறுபடி வந்து ஒட்டும், பழைய கதை திரும்பும்.

அப்போ யூவி நல்லவனா?

முழுசா இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு மீது ஒளி பட்டா தண்ணீரைப் பிரிக்கலாம்னு ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் 1972-ல் காட்டினாங்க. அந்த ஃபோட்டோகேட்டலிசிஸ் ஜிங்க் ஆக்சைடிலும் நடக்கும். ஆக்சிஜனைக் கழட்டிய அதே ஹோல்கள், பக்கத்தில் இருக்கும் ஆர்கானிக் மூலக்கூறையும் தாக்கும். ஐடிஐசி மாதிரியான ஆக்செப்டர்களில் நடுப்பகுதியையும் முனையையும் இணைக்கும் கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்புதான் பலவீனமான இடம். அது உடைஞ்சா செல்லோட ஆயுள் குறையும்.

சரி, யூவி ஃபில்டர் போட்டுடலாமே? போட்டா மூலக்கூறு தப்பிக்கும், ஆனா லைட் சோக்கிங் நடக்காது, எஸ் வளைவு அப்படியே நிக்கும். வீட்டுக்குள்ள எல்இடி வெளிச்சத்தில் ஓடும் சென்சாருக்கு இந்த செல்லை வெச்சாலும் இதே சிக்கல்தான். வெள்ளை எல்இடியோட நீல உச்சம் 450 நானோமீட்டர் பக்கம், அதாவது சுமார் 2.75 எலக்ட்ரான் வோல்ட். 3.3-ஐத் தொடவே தொடாது.

அதனால் யூவியை நம்பாத லேயர் வேணும். அலுமினியம் சேர்த்த ஜிங்க் ஆக்சைடில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே அதிகம், அதனால் லைட் சோக்கிங் தேவை குறையும். டின் ஆக்சைடோட பேண்ட் கேப் சுமார் 3.6, ஃபோட்டோகேட்டலிசிஸும் குறைவு. மூணாவது வழி, ஆக்சைடு மேல் மெல்லிசா இன்னொரு பூச்சு. சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்சைடு துகள்களுக்கு சிலிக்கா, அலுமினா பூசுவதும் இதே காரணத்துக்காகத்தான்: யூவியை உறிஞ்சட்டும், பக்கத்தில் இருப்பதைத் தொடக்கூடாது.

ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு

1. வெளிச்சம் போட்ட உடனே ஒரு கர்வ், பத்து நிமிஷம் கழிச்சு ஒரு கர்வ். ரெண்டையும் ஒரே கிராஃபில் போடுங்க.
2. 400 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் வெச்சு ஒருமுறை அளங்க.
3. சோலார் சிமுலேட்டர் ஜெனானா, எல்இடியா, எத்தனை நிமிஷம் சோக் பண்ணீங்க, இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதுங்க.

இது இல்லாம "புது மெட்டீரியல் போட்டதும் எஃபிஷியன்சி ஏறுச்சு"னு எழுதினா, ஏறினது மெட்டீரியலாலயா, இல்ல பத்து நிமிஷம் விளக்கடியில் கிடந்ததாலயான்னு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாது. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கப்போற முதல் கேள்வியும் அதுவாத்தான் இருக்கும்.