ஓர் அஞ்சலகம், இரண்டு ஊர்கள்

எலவனாசூர்கோட்டையில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணினி வலையமைப்பு நடத்தியபோது, மின்னஞ்சல் முகவரியில் '@' குறிக்குப் பின்னால் வருவது என்ன என்று கேட்டேன். "ஜிமெயில்" என்ற ஒரே விடைதான் வந்தது. அது களப்பெயர், எவரும் தமக்கென ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்பதைச் செய்து காட்ட நினைத்தேன்.

முந்தைய ஆண்டு ஒரு தவறு செய்திருந்தேன். அஞ்சல் பெறுவதற்காக ஒவ்வொரு மாணவருக்கும் லினக்ஸ் கணினியிலேயே பயனர் கணக்கு தொடங்கினேன். நண்பனின் கடவுச்சொல் தெரிந்த ஒருவன் உள்ளே நுழைந்து, அவனுடைய செய்முறைக் கோப்புகளை அழித்துவிட்டான். கடிதம் வாங்க வந்தவர்களிடம் அஞ்சலகத்தின் சாவியையே கொடுத்திருக்கிறேன்!

இம்முறை மெய்நிகர் பயனர்கள்.

விளையாட்டு: 'கோட்டை', 'மலை' என இரண்டு பைகள், ஒரு பெயர்ப் பதிவேடு, சில உறைகள். கோட்டை கவிதாவும் மலை கவிதாவும் வேறு வேறு ஆட்கள். பதிவேட்டில் இல்லாத பெயருக்கு வந்த உறை திரும்பிப் போகும்.

கணினியில்: வீட்ஸ் வெனிமா உருவாக்கி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் கடிதத்தை வாங்குகிறது, டவ்காட் அதைப் பயனருக்குக் காட்டுகிறது. மூன்று பட்டியல்கள் போதும்: ஏற்கும் களப்பெயர்கள், முகவரிக்குரிய பெட்டிகள், கடவுச்சொற்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே கணினிக் கணக்கின் பொறுப்பில் இருக்கும். மாணவர் யாருக்கும் கணினியில் தனிக் கணக்கு இல்லை. கடவுச்சொல் கசிந்தாலும் ஒரு பெட்டிதான் திறக்கும், கணினி திறக்காது.

சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட 'டெஸ்ட்' என்ற முடிவைக் களப்பெயர்களுக்கு வைத்தோம். ஆய்வக வலையமைப்பை இணையத்துடன் இணைக்கவில்லை. வெளியார் நம் கணினி வழியே குப்பை அஞ்சல் அனுப்ப இடம் தரக்கூடாது.

இடறிய இடம்: 'மலை'க்கு அனுப்பியவை எல்லாம் "அப்படி ஒரு பயனர் இல்லை" என்று திரும்பின. அந்தக் களப்பெயரைக் கணினியின் சொந்தப் பெயர்ப் பட்டியலிலும், மெய்நிகர் பட்டியலிலும் எழுதியிருந்தோம். அதனால் போஸ்ட்ஃபிக்ஸ் கணினிக் கணக்குகளில் ஆளைத் தேடியது. பதிவுக் கோப்பில் இருந்த எச்சரிக்கையைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவி. ஒரு களப்பெயர் ஒரு பட்டியலில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

மதிப்பீடு: மூன்றாவது களப்பெயரைச் சேர்க்க எந்தெந்தப் பட்டியல்களைத் திருத்த வேண்டும்? கணினியில் புதுக் கணக்கு தேவையா? ஏன்?

கணினி இல்லாத வகுப்பிலும் பைகளையும் பதிவேட்டையும் வைத்து இப்பாடத்தின் பாதியை நடத்திவிடலாம்.