ஓதம் அடிக்கும் சுவருக்கு எந்த வைத்தியம்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் டிராக்டர் வந்து உழவு மாடு போனபிறகு மாட்டுக்கொட்டகைகள் காலியாகக் கிடக்கின்றன. ஒரு முழக் கனத்தில் மண் சுவர், மேலே நாட்டு ஓடு. இடிக்க மனம் வராமல் மகனுக்கு ஓர் அறை, டியூஷனுக்கு ஒரு கூடம் என்று மாற்றுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கார்த்திகை பிறந்ததும் அடிச்சுவரில் ஓதம் ஏறுகிறது, உப்புப் பூக்கிறது, பூச்சு பொரிந்து உதிர்கிறது. அந்தப் பதற்றத்தில் எடுக்கிற முடிவுதான் முக்கால்வாசி தப்பாகிவிடுகிறது.

போன வருஷம் மட்டும் மூன்று வீடுகளில் பார்த்தேன். ஒருவருக்கு வளைகுடாவிலிருந்து மச்சான் போனில் சொன்னார்: “டைல்ஸ் ஒட்டிடு மாப்ள, செவுரே தெரியாது.” இன்னொருவர் எதிர்வீட்டுக்காரர் அடித்த பெயின்டையே வாங்கி அடித்தார். மூன்றாமவருக்கு அப்பாவின் பிடிவாதம். அது மண் சுவரா, செங்கல்லா, கருங்கல்லா என்று ஒருவரும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் ஈரம் வருகிற வழியைக் கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து சீராக இரண்டு மூன்றடி ஏறி, கோடு கிழித்ததுபோல் நின்றால் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. மேலே திட்டுத் திட்டாக இருந்தால் ஓடு உடைந்திருக்கும், அல்லது இறவாரம் குட்டையாக இருக்கும். மார்கழிக் காலையில் வியர்த்து, பத்து மணி வெயிலுக்குக் காய்ந்தால் உப்பைச் சந்தேகப்படுங்கள். கொட்டகைச் சுவருக்கே உரிய கோளாறு இது. பல வருஷம் ஊறிய மாட்டு மூத்திரம் நைட்ரேட் உப்பாகச் சுவரில் தங்கியிருக்கும். தொழுவத்து மண்ணைக் காய்ச்சி வெடியுப்பு எடுத்த காலம் ஒன்று உண்டு. அந்த வகை உப்பு, தரையில் ஈரமே இல்லாவிட்டாலும் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

இனி வழிகள். ஓட்டை மாற்றுவதும், இறவாரத்தை நீட்டுவதும், சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுப்பதும் எல்லாருக்கும் தெரிந்தவை. செலவு குறைவு, பலன் அதிகம். ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறோம்: சாலைமேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்து, கொட்டகைத் தரை பள்ளமாகிவிட்டது. வெளிப்பக்கம் குவிந்த மண்ணை வெட்டியெடுத்து, உள்தரை மட்டத்துக்கும் கீழே கொண்டுபோங்கள். பழைய கொட்டகைக்குக் கடைக்கால் ஆழம் இருக்காது. கடைக்கால் அடிக்குக் கீழே மட்டும் தோண்டிவிடாதீர்கள்.

இரண்டாவது, சுவரில் வரிசையாகத் துளை போட்டு நீர் ஏறாத மருந்தைச் செலுத்துவது. நல்ல செங்கல் சுவரில், கலவை இணைப்பையொட்டித் துளையிட்டால் கேட்கும். மண் சுவரிலும், உள்ளே பொந்துள்ள கருங்கல் சுவரிலும் மருந்து சீராகப் பரவாது. அங்கே காசு வீண்.

மூன்றாவது, எல்லாரும் ஓடுகிற வழி: சிமென்ட் பூசி, மேலே வாட்டர்புரூஃப் பெயின்டோ டைல்ஸோ போடுவது. இதைப்பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

“சிமென்ட் ஊரில் உட்கார்ந்துகொண்டு சிமென்டையா குறை சொல்கிறாய்?” என்று கேட்பார்கள். அரியலூரில் அரசு ஆலையே 1979இல் வந்தது. சுற்றிலும் தனியார் ஆலைகள், லாரிகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சிமென்டின் மேல் எனக்குப் பகை இல்லை. தூணுக்கும் தளத்துக்கும் அதுதான் வேண்டும். ஆனால் மண் சுவருக்கு அது பொருந்தாத சட்டை. ஏறிய ஈரம் சுவரின் முகம் வழியாக ஆவியாகிப் போக வேண்டும். மூன்றடிக்குச் சிமென்ட் பூசி அடைத்தால் அது நிற்பதில்லை. நாலடிக்கு, ஐந்தடிக்கு ஏறி வழி தேடுகிறது. போக வழி கிடைக்காத ஈரத்தில் உள்ளே மண் இளகுகிறது. நம் கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அதோடு சேர்ந்து பழைய சுவர் அசைந்துகொடுக்கும். விறைத்த சிமென்ட் பூச்சு கீறல் விடும். அந்தக் கீறலில் மழை இறங்கும். காரைப் பக்கத்துக் களிமண்ணில் ஜிப்சம் தகடு தகடாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சல்பேட் உப்பு ஈரத்தோடு ஏறினால் சாதாரணச் சிமென்டையே அரிக்கும்.

இதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் கொட்டகைக்கும் மூன்றரை அடி டைல்ஸ் ஒட்டினோம். இரண்டு மழை தாங்கியது. மூன்றாம் வருஷம் மார்பு உயரத்தில் ஓதம் தெரிந்தது. ஒரு நள்ளிரவில் டைல்ஸ் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. பின்னாலிருந்த மண்ணைத் தொட்டேன். ஈர வெல்லம்போல் கையோடு வந்தது. அன்றிலிருந்து நான் சுண்ணாம்புக் கட்சி. தெரிந்துகொண்டே படியுங்கள்.

நாலாவது வழி அந்தச் சுண்ணாம்புதான். சுண்ணாம்பும் சிமென்டும் ஒரே கல்லில் பிறந்தவைதான். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு. களிமண் சேர்த்து 1,450 டிகிரிவரை சுட்டால் சிமென்டுக்கான கட்டி. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உப்பைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பழைய பூச்சை ஓதக் கோட்டுக்கு மேல் இரண்டடிவரை கொத்தியெடுங்கள். உப்பைக் கழுவாதீர்கள், கரைந்து உள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து அள்ளுங்கள். சுவர் உலர்ந்தபின் ஒன்றுக்கு மூன்று மணல் கலந்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். முதல் பூச்சு உப்பேறிக் கெட்டுப்போகலாம். அது நமக்காகக் கெட்டது என்று எடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள். குறையும் உண்டு: இதில் கைதேர்ந்த ஆள் கிடைப்பது அரிது, வேலை மெதுவாக நடக்கும், சுண்ணாம்பு நீற்றும்போது தெறித்தால் கண் போய்விடும்.

ஐந்தாவது வழி இடித்துக் கட்டுவது. சுவர் வயிறு தள்ளியிருந்தால், அடி கரைந்திருந்தால் யோசிக்காமல் அதைச் செய்யுங்கள்.

பிள்ளைக்குக் கணக்கு வருமா, கைவேலை வருமா என்று பாராமல் ஊரே சேர்க்கிற படிப்பில் சேர்த்துவிட்டு, நாலு வருஷம் கழித்துத் தலையில் கைவைக்கிறோமே, சுவரிலும் அதைத்தான் செய்கிறோம். மண் சுவரைக் கான்கிரீட் ஆக்க முடியாது. மண் சுவராக நன்றாக வைத்துக்கொள்ள முடியும். அதற்குப் பொறுமை வேண்டும். நனைந்த சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. அப்படியானால் ஒரு முழச் சுவருக்கு ஒன்றரை வருஷம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம்தான் வருகிறது.

ஆகையால் இந்த மழைக்காலத்தில் எதையும் பூசாதீர்கள். ஓட்டையும் வடிகாலையும் மட்டும் சரிசெய்துவிட்டு, ஓதம் நிற்கிற உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். தை பிறந்தபின் அந்தக் கோட்டைக் கொத்தனாருக்குக் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள்.